தெருமுனைப் பழைய ஹோட்டல் கட்டடங்கள்: புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றிவரும் சாலையான பூல்வாருக்குள், இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் நிற்கும் பழைய ஹோட்டல் கட்டடங்களைப் பற்றி எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கட்டட உரிமையாளர்கள், வாடகைக்கு எடுத்து நடத்துபவர்கள், கட்டடக்கலை மாணவர்கள், தினமும் அங்கே காபி குடிப்பவர்கள். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே தங்கும் அறைகள் என்ற இரண்டடுக்குக் கட்டடத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

பழைய கட்டடம்னா எல்லாமே பாரம்பரியக் கட்டடமா?

இல்லை. 100 வருஷம் ஆனால்தான் பாரம்பரியம் என்று பலர் நினைப்பதற்குக் காரணம், தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு சட்டம். கோட்டை, கோயில், கல்வெட்டு போன்றவற்றுக்கான சட்டம் அது. நகரத்துக்குள் மக்கள் புழங்கும் கட்டடங்களைப் பட்டியலிடுவது வேறு வழிமுறை. அங்கே 70 வருஷக் கட்டடம் முக்கியமானதாக இருக்கலாம். 150 வருஷக் கட்டடம் உள்ளும் புறமும் மாற்றப்பட்டு, சொல்ல எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம்.

வேறு எந்தக் கட்டடமும் சொல்லாத எதை இது சொல்கிறது, அசல் பொருளும் அமைப்பும் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன, இது போனால் அந்தத் தெருவுக்கு என்ன குறையும் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அது சாதாரண ஹோட்டல்தானே? கவர்னர் மாளிகையா என்ன?

மாளிகைகளைக் காப்பாற்ற அரசு இருக்கிறது. ஊரின் அன்றாட வாழ்க்கை நடந்த இடங்களுக்கு அப்படி யாரும் இல்லை. சந்தைக்கு வந்த வியாபாரி, கோர்ட்டுக்கு வந்த கிராமத்துக்காரர், துறைமுக வேலைக்காரர் எனப் பலதரப்பட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த இடம் தெருமுனை ஹோட்டல்தான். வீடுகளிலும் கோயில்களிலும் யார் உள்ளே வரலாம் என்ற கணக்கு இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு காரணம் ஊரின் அமைப்பு. 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போடப்பட்ட நேர்கோட்டுத் தெருத் திட்டத்தைத்தான் புதுச்சேரி இன்றும் பின்பற்றுகிறது. கட்டங்கட்டமாகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் ஊரில் முனைகள் நிறைய உண்டு. நடுவில் உள்ள கட்டடத்துக்கு முகம் ஒன்று, முனைக் கட்டடத்துக்கு இரண்டு. தள்ளி நின்று பார்த்தால் தெருவின் தொடக்கமும் முடிவும் அந்த முனைகள்தான். நடுவில் ஒரு வீடு போனால் வரிசையில் ஓர் இடைவெளி விழும். முனை போனால் இரண்டு தெருக்களின் வடிவமும் ஒரே நேரத்தில் கெடும்.

பிரெஞ்சுக்காரங்க பகுதியில இருந்தாத்தான் மதிப்பா? எங்களோடது வாய்க்காலுக்கு மேற்கே இருக்கு.

இந்த எண்ணத்தால்தான் நகரின் மேற்குப் பகுதி அதிகமாக இழந்திருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், சட்டமிட்ட மர ஜன்னல். மேற்கே தெருவைப் பார்த்த தாழ்வாரம், மரக்கம்பம், திண்ணை, முற்றம். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு: கீழே தமிழ் முறைத் தாழ்வாரம், மேலே பிரெஞ்சு முறைத் தூண்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இதற்குப் பழைய சான்று.

தெருமுனை ஹோட்டல்கள் பெரும்பாலும் இந்தக் கலப்பு வகையைச் சேர்ந்தவை. தாழ்வாரத்தின் நிழல் கடைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. மேல்மாடி ஜன்னல்கள் தங்குபவர்களுக்குக் காற்றைக் கொடுத்தன. கால்வே சுப்பராய செட்டி வீதி, அதாவது வைசியாள் வீதியின் முகப்புகள் 2002–2004இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுடன் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் சீரமைக்கப்பட்டன. தமிழ்ப் பகுதித் தெரு ஒன்றை முழுத் தெருவாகவே காக்க முடியும் என்று அது காட்டியது.

எங்க கட்டடம் எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தாத்தா 300 வருஷம்னு சொல்லுவாரு.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். அதற்கு முந்தைய கட்டடம் தப்பியது மிக அரிது. ஆகவே 300 என்று கேட்டால் சந்தேகப்படுங்கள். தெருமுனை ஹோட்டல்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி, 20ஆம் நூற்றாண்டின் முன்பகுதியைச் சேர்ந்தவையாகவே தெரிகின்றன.

பத்திரத்தில் தொடங்குங்கள். வில்லங்கச் சான்று ஓரளவுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தியது பிரெஞ்சு மொழியில் நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி, எழுதிய பத்திரம். பெட்டியில் மடித்து வைத்திருப்பார்கள். லாமினேட் செய்யாமல் படம் எடுத்துவிட்டு, பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதில் நான்கு எல்லைகளும் தெருப் பெயர்களும் இருக்கும். தெருப் பெயர்கள் மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்: இன்றைய நேரு வீதி அன்றைக்கு துய்ப்ளேக்ஸ் வீதி. தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையும் ரோமன் ரோலன் நூலகமும் அடுத்த படிகள்.

காகிதம் கிடைக்காவிட்டால் கட்டடத்தைப் படிக்க வேண்டும். கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் ஓட்டு ஆலைகள் 1860களில்தான் தொடங்கின. ஆகவே அந்த ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இரும்பு உத்தரம் இருந்தால் துருவைச் சுரண்டிப் பக்கவாட்டில் ஆலை முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள். சிவப்பு ஆக்ஸைடு தரையும் பூப்போட்ட சிமெண்டு ஓடும் சிமெண்டு புழக்கத்துக்கு வந்த பிறகு வந்தவை. கதவில் கையால் அடித்த சதுர ஆணி இருந்தால் பழையது. உருண்டைக் கம்பி ஆணி பிந்தியது.

ஒரே தடயத்தை வைத்து வருஷம் சொல்லாதீர்கள். ஓடு மாற்றப்பட்டிருக்கலாம், கதவு வேறு வீட்டிலிருந்து வந்திருக்கலாம். மூன்று தடயங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் எழுதலாம். "1900ஐ ஒட்டி" என்று எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

முனையை ஏன் சாய்வா வெட்டியிருக்காங்க? அதை நேராக்கினா 20 சதுர அடி கிடைக்குமே.

அந்தச் சாய்வு வண்டி திரும்புவதற்காகவும், எதிர்த் தெருவில் வருவது கண்ணில் படுவதற்காகவும் விடப்பட்டது. கடைக்காரருக்கும் லாபம் உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவர் இரண்டு தெருவையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், இரண்டு பக்கக் கூட்டமும் ஒரே வாசலில் ஏறும். சாய்ந்த அல்லது வளைந்த அந்தச் சுவரும், அதில் உள்ள வாசலும், மேலே சுற்றிவரும் சுண்ணாம்பு வரிப்பட்டையும்தான் கட்டடத்தின் முக்கால் பங்கு மதிப்பு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 20 சதுர அடிக்காக அதைத் தொடாதீர்கள்.

சரி, முனை வாசலை அகலப்படுத்தி ஷட்டர் போடலாமா?

கூடாது. இது அழகைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில்தான் மேல்மாடியின் பாரம் குவிகிறது. வாசலுக்கு மேலுள்ள செங்கல் வளைவு, பாரத்தைப் பக்கவாட்டுச் சுவரில் தள்ளி நிற்கிறது. பக்கச் சுவரை ஓர் அடி வெட்டினாலும் வளைவுக்குப் பிடிமானம் போகும். முதலில் வாசலின் மேல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக விரிசல் ஏறும். அடுத்து, முனையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிச் செங்குத்தாக ஒரு விரிசல் வரும். அது கீழே மெல்லியதாகவும் மேலே அகலமாகவும் இருந்தால் முனை வெளியே சாய்கிறது என்று பொருள். அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

பூட்டுப் பாதுகாப்புதான் தேவை என்றால், பழைய மரக்கதவை வைத்துக்கொண்டு உள்பக்கமாக மடக்குக் கிரில் போடுங்கள். ஏற்கெனவே யாரோ வெட்டிவிட்டிருந்தால், முட்டு கொடுக்காமல் எதையும் தொடக்கூடாது. முட்டு கொடுத்து, வெட்டிய பகுதியைச் சுண்ணாம்புக் காரையில் செங்கல் பல் கோத்துத் திரும்பக் கட்ட வேண்டும். முனை சாய்ந்திருந்தால் மேல்தள மட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் இரண்டு சுவரையும் இழுத்துக் கட்டும் முறை உண்டு. அதற்குப் பொறியாளரின் கணக்கு வேண்டும்.

சிமெண்டு பூசினா இன்னும் பலமாகத்தானே இருக்கும்?

இந்த ஊரில் பழைய சுவர்களை அதிகம் கெடுத்தது அதுதான். இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும். கடலோர ஊர் என்பதால் அதில் உப்பும் சேர்ந்து வரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் சுவரைத் தட்டினால் உள்ளே பொத்தென்று சத்தம் கேட்கும். உப்பைச் சுண்ணாம்புப் பூச்சு வாங்கிக்கொண்டு, சில வருஷங்களில் தானே உதிரும். உதிர்ந்தால் திரும்பப் பூசலாம், செங்கல் பிழைத்திருக்கும்.

பிளாஸ்டிக் எமல்ஷனும் கிரானைட் பட்டையும் இதே கெடுதலைச் செய்யும். முகப்பு முழுக்க அலுமினியத் தகடு அடிப்பது இன்னும் மோசம். பழைய வரிப்பட்டையில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதையே கண்ணுக்கு மறைத்துவிடும்.

அப்போ சுண்ணாம்புப் பூச்சுக்குக் கணக்கு என்ன? இப்ப இருக்கற கொத்தனாருக்குத் தெரியலையே.

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது 15 நாள் ஊற வையுங்கள். ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. சரியாக நீறாத கட்டி ஒன்று உள்ளே இருந்தால் பூசிய பிறகு அது பொங்கிக் கொப்புளமாக வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். கடல் மணல் கூடவே கூடாது. ஈரம் அதிகம் உள்ள இடத்தில் மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் செங்கல் தூளான சுருக்கி சேர்க்கலாம். கடுக்காயையும் பனைவெல்லத்தையும் நசுக்கி ஊறவைத்துப் புளித்த தண்ணீரைக் கலவையில் சேர்ப்பது நம் ஊர்க் கைவழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும்.

பழைய சிமெண்டைக் கையுளியால் மெதுவாக எடுங்கள். டிரில் போட்டால் செங்கல்லும் சேர்ந்து வரும். செங்கல் இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, தூசி தட்டி, சுவரை நனைத்த பிறகு பூச வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தடிப்பு வேண்டுமானால் இரண்டு பூச்சாகப் போடுங்கள். ஈரச் சாக்கு தொங்கவிட்டு 10 முதல் 14 நாள் காயாமல் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் இதைச் செய்தால் விரிசல் நிச்சயம். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம்.

பெரிய சுவரில் இறங்கும் முன் பின்கட்டுச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிப் பூச்சு போட்டு, ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள்.

மேல்தளம் ஒழுகுது. இடிச்சிட்டு கான்கிரீட் போடச் சொல்றாங்க.

முதலில் எது ஒழுகுகிறது என்று பாருங்கள். இந்தக் கட்டடங்களின் பழைய மேல்தளமான மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்களின் மேல் 6×3×1 அங்குலச் சின்னச் செங்கல்லை நிறுத்தி, மூலைவிட்டமாக அடுக்கி, அதன் மேல் 3–4 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு இடித்து, மேலே தள ஓடு பதித்தது. ஒழுகுவது பெரும்பாலும் ஓட்டு இடுக்கும், கைப்பிடிச் சுவரோடு தளம் சேரும் மூலையும்தான். அல்லது குழாய்வாய் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். 10 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். இடுக்கைச் சுரண்டிச் சுருக்கிச் சுண்ணாம்பு அடைத்தால் பல தளங்கள் நின்றுவிடும்.

ஒழுகும் தளத்தின் மேல் இன்னொரு சிமெண்டுக் கலவை போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மூன்று முறை அப்படிப் போட்டால் தளம் சில டன் கூடியிருக்கும், கீழே உத்தரம் தொய்ந்திருக்கும். உத்தரம் கெடுவது நடுவில் இல்லை. சுவருக்குள் செருகிய நுனியில். கூர்மையான திருப்புளியால் சுவரை ஒட்டிக் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் நுனி செத்துவிட்டது. அந்த நுனியை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப் போடலாம். முழுத் தளத்தையும் இடிக்க வேண்டியதில்லை.

ஹோட்டல் ஓடணும்னா கிச்சன், பாத்ரூம், ஏசி எல்லாம் வேணுமே?

வேண்டும்தான். கட்டடம் பிழைப்பதே ஹோட்டல் ஓடுவதால்தான். பாரத்தையும் தண்ணீரையும் எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். மேல்மாடிக் கழிவறையை மர உத்தரத் தளத்தின் மேல் மண் நிரப்பிக் கட்டாதீர்கள். பின்கட்டில் சுவரை ஒட்டித் தனிக் கால் நிறுத்தி, கீழும் மேலும் ஒரே நேர்கோட்டில் கட்டுங்கள். 1,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். அதையும் பின்கட்டில் தனி இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள்.

விறகு அடுப்பு இருந்த பட்டறையையும் புகைக்கூண்டையும் இடிக்காதீர்கள், அதுவும் வரலாறு. கேஸ் சிலிண்டர்கள் காற்றோட்டமான பின்வெளிக்குப் போகட்டும். புகைக் குழாயைப் பின்பக்கமாக, மர உத்தரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த குழாய் தீப்பிடித்தால் முதலில் எரிவது மரக்கூரை. ஏசி வெளிப்பெட்டியை முகப்பில் மாட்டாதீர்கள். அது சொட்டும் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து சுண்ணாம்புச் சுவரை அரிக்கும்.

ரோடு மேல ஏறி ஏறி திண்ணையே காணாமப் போச்சு. மழைத் தண்ணி உள்ள வருது.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் விளைவு. தரையை உயர்த்தினால் கதவு, ஜன்னல், தூண் எல்லாம் குட்டையாகும், சுவரில் ஈரமும் உயரே ஏறும். வாசலில் கழற்றிப் போடும் பலகைத் தடுப்பு, சுவரை ஒட்டிச் சின்ன வடிகால், தேங்கும் தண்ணீரை எடுக்க ஒரு குழி, மோட்டார் ஆகியவையே போதுமானவை. 2024 ஃபெஞ்சல் புயல் மழை மாதிரி வந்தால் எதுவும் முழுதாகத் தடுக்காது. ஆனால் தண்ணீர் வடிந்ததும் சுவர் காய வேண்டும். சிமெண்டு பூசியிருந்தால் காயாது.

பட்டியல்ல பேர் வந்துட்டா விக்க முடியாதா? ஆணிகூட அடிக்க முடியாதுன்னு சொல்றாங்களே.

விற்கலாம், வாடகைக்கு விடலாம், அடமானம் வைக்கலாம். உரிமை உங்களுடையதே. இடிப்பதற்கும் மாற்றுவதற்கும் முன்னால் அனுமதி வேண்டும் என்பதே வித்தியாசம். நகர அமைப்புக் குழுமத்தில் மனு கொடுத்தால் பாரம்பரியக் குழுவின் கருத்து கேட்கப்படும். 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது என்று பயமுறுத்துவது முதல் பதிலில் சொன்ன தொல்லியல் சட்டத்தின் விதி. இந்தப் பட்டியலுக்கு அது பொருந்தாது.

பொதுவாக இந்திய நகரங்களில் மூன்று தரம் வைக்கிறார்கள். முதல் தரத்தில் உள்ளும் புறமும் தொடக்கூடாது, பலப்படுத்தத் தேவையானதைத் தவிர. இரண்டாம் தரத்தில் கவனமான பரிசீலனையோடு உள்மாற்றங்கள் செய்யலாம். மூன்றாம் தரம் தெருவின் தோற்றத்துக்காக, மாற்றம் எளிது. உங்களுடையது எந்தத் தரம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வரைபடம் போடச் சொல்லுங்கள். வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது போன்ற பராமரிப்புக்கும் முன்பின் புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது.

முக்கியத்துவ அறிக்கை கேட்கறாங்க. அதுல என்ன எழுதணும்?

கட்டடத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்று சொல்லும் அறிக்கை அது. ஒரு பக்கம் போதும். 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு வழிகாட்டி அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்ற கோணங்களில் மதிப்பைப் பார்க்கச் சொல்கிறது. இங்கும் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். எல்லாக் கோணத்தையும் நிரப்பக் கட்டாயம் இல்லை. "மிகவும் தொன்மையான, அழகான கட்டடம்" என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. எந்தக் கட்டடத்துக்கும் அதை எழுதலாம். இப்படி எழுதுங்கள்:

"இரண்டு கடைத்தெருக்கள் சந்திக்கும் வடமேற்கு முனையில் உள்ள இரண்டடுக்குக் கட்டடம். சாய்வு முனையும், அதில் உள்ள வளைவு வாசலும், இரு முகப்பிலும் தொடரும் வரிப்பட்டையும் அசலானவை. தெற்குத் தாழ்வாரத்தில் ஆறு மரக்கம்பங்களில் நான்கு மிஞ்சியுள்ளன. கீழ்த்தளத்தில் கல்லா, மார்பிள் மேசைகள், பின்கட்டில் விறகு அடுப்புப் பட்டறை ஆகியவை அதே இடத்தில் உள்ளன. மேற்குச் சுவரின் ஜன்னல்கள் பின்னாளில் மாற்றப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பு குறைவு."

கடைசி வாக்கியம் முக்கியம். எதற்கு மதிப்பு இல்லை என்றும் எழுதினால்தான் உரிமையாளருக்கு எங்கே மாற்றலாம் என்று தெரியும், அறிக்கையையும் நம்புவார்கள்.

முகப்பை மட்டும் விட்டுட்டு பின்னாடி புதுசாக் கட்டினா?

முகப்பு ஒரு திரைச்சீலையாக நிற்கும். உத்தரங்களும் குறுக்குச் சுவர்களும்தான் அதைப் பிடித்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு வெறும் சுவரை நிறுத்த இரும்புத் தாங்கல் வேண்டும், செலவும் ஆபத்தும் அதிகம். முனைக் கட்டடத்தில் இது இன்னும் கடினம், இரண்டு சுவரும் இரண்டு திசையில் விலகப் பார்க்கும். பின்கட்டில் மதிப்புக் குறைந்த பகுதி இருந்தால் அங்கே, முகப்பின் உயரத்துக்கு மேல் தெரியாமல் புதிதாகச் சேர்ப்பது நியாயமான வழி.

இடிஞ்சே போச்சுன்னா, அதே மாதிரி திரும்பக் கட்டினா பாரம்பரியம்தானா?

மேரி (பிரெஞ்சில் நகராட்சி மன்றம்) என்று அழைக்கப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையின் வரிசைக்கு அது தேவைப்பட்டது, சரியான முடிவு என்றே நினைக்கிறோம். ஆனால் பழைய கைவேலையும் பொருளும் திரும்ப வரவில்லை. தெருவின் வடிவத்தைத் திரும்பப் பெறலாம். பழைய உத்தரமும் ஓடும் சொன்ன தகவலைப் பெற முடியாது. இதையாவது செய்ய வேண்டுமானால் விழுவதற்கு முன்பே அளவெடுத்த வரைபடமும் ஒவ்வொரு கதவு ஜன்னலின் புகைப்படமும் வேண்டும். மேரியைத் திரும்பக் கட்ட அரசு இருந்தது. தனியார் ஹோட்டல் விழுந்தால் அங்கே வருவது பெரும்பாலும் கண்ணாடிக் கட்டடம்.

ஹோட்டல் மூடிட்டாங்க, துணிக்கடைக்காரர் கேக்கறார். விட்டா மதிப்பு போயிடுமா?

சமூக மதிப்பில் ஒரு பகுதி போகும். காலை ஐந்து மணிக்குப் பாய்லர் பற்றவைத்துத் தெருவையே எழுப்பிய இடம் பத்து மணிக்குத் திறக்கும் கடையாக மாறும். ஆனால் பூட்டிக்கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆள் புழங்காத கட்டடத்தில் ஒழுகலைப் பார்க்க ஆள் இருக்காது. ஆலங்கன்று கைப்பிடிச் சுவரில் வேர்விட்டு இரண்டு மழைக்காலத்தில் விரிசல் போடும்.

வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: முனை வாசல் திறந்தே இருக்க வேண்டும், முகப்பில் தகடு, பெரிய ஃபிளெக்ஸ் கூடாது, ரேக்குகள் தனியாக நிற்க வேண்டும், சுவரில் துளை கூடாது, பெயர்ப்பலகை வாசல் வளைவுக்குள் அடங்க வேண்டும், மார்பிள் மேசையும் கல்லாவும் உரிமையாளரின் பொருள், வெளியே போகக்கூடாது. புரட்டாசி முடிவதற்குள், அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன், தளத்தில் ஏறிக் குழாய்வாய்களையும் கைப்பிடிச் சுவரையும் பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதுங்கள்.